தவளை வண்டியின் இடப்பக்கச் சீட்டு

போன ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்த நேரம் பார்த்து என் கைப்பேசி விடாமல் டிங் டிங் என்று அடித்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் வரிசையாகப் படம் அனுப்பிக்கொண்டிருந்தான். எல்லாம் கார் சீட்டுகள். கறுப்பு, சிவப்பு, கறுப்பில் சிவப்புத் தையல் போட்டது, தலைக்குக் கீழே இரண்டு ஓட்டை வைத்தது. பையன் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கியிருக்கிறான். சின்ன வண்டி, இரண்டு பேர்தான் உட்காரலாம், தினமும் அதில்தான் ஆபீஸ் போகிறான். கூட வந்த சீட்டு பிடிக்கவில்லையாம், வேறு மாற்றப் போகிறானாம். "அத்தை, டெய்லி ஓட்ற வண்டி. எது எடுக்கலாம்? அப்பா உங்களத்தான் கேக்கச் சொன்னாரு" என்று கீழே எழுதியிருந்தான்.

நான் மாட்டு டாக்டர். எந்தக் கறவை வாங்கலாம் என்று கேட்டு வீட்டு வாசலில் வந்து நின்றவர்கள் உண்டு. புதுக் கிடாரிக்கு என்ன பெயர் வைத்தால் ராசி என்று கேட்டவர்கூட உண்டு. கார் சீட்டுக்கு யோசனை கேட்டு இதுவரை யாரும் வந்ததில்லை. சிரித்துக்கொண்டே படங்களைத் தள்ளிக்கொண்டு போனேன். கடைசிப் படத்தில் சீட்டு இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தது. அதைப் பார்த்ததும் மூக்கில் ஒரு வாசனை ஏறிவிட்டது. புது ரெக்சின், ஸ்பாஞ்சுக்குத் தடவிய பசை, வெயிலில் சூடான பிளாஸ்டிக், மூன்றும் கலந்த வாசனை. கைப்பேசி வழியாக வாசனை வராது என்று எனக்கும் தெரியும். ஆனால் வந்தது, என்ன செய்ய? இட்லி கொஞ்சம் அதிகமாகவே வெந்துவிட்டது.

என் முதல் வேலை கல்வராயன் மலையில். கள்ளக்குறிச்சியில் ஒரு மாடி அறையில் குடியிருந்துகொண்டு தினமும் மலையேறி இறங்க வேண்டும். காலை பஸ்ஸுக்கு ஓடுவது ஒரு கஷ்டம் என்றால், சாயங்கால பஸ் அதைவிடக் கஷ்டம். அது வெள்ளிமலையை விட்டுக் கிளம்பும்போதே வெளிச்சம் போயிருக்கும். பலாப்பழ மூட்டை, புளி மூட்டை, கோழிக்கூடை எல்லாம் ஏறி உட்கார்ந்த பிறகு மீதி இடத்தில் மனிதர்கள் நிற்கலாம்.

அப்போதுதான் அண்ணன் அந்த வண்டியை என் தலையில் கட்டினான். அவன் பாண்டிச்சேரியில் ஒரு ஓட்டலில் வேலை பார்த்தபோது, ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெளிநாட்டுக்காரரிடம் ஆசைப்பட்டு வாங்கியது. மஞ்சள் நிறம், இரண்டு கதவு, இரண்டு சீட்டு, துணிக்கூரை. கூரையை மடித்துப் பின்னால் தள்ளினால் தலைக்கு மேலே வானம்தான். அண்ணனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்ததும், "நிறுத்தி வெச்சா எலி கூடு கட்டிடும், நீ ஓட்டு" என்று சாவியைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டான். நைனார்பாளையத்தில் எங்கள் களத்தில் வண்டி வந்து நின்ற அன்று அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவருக்குத் தெரிந்த வண்டிகள் இரண்டுதான், ஒன்று மாட்டு வண்டி, இன்னொன்று டிராக்டர்.

"இன்னாம்மா இது, மழைக்கு வெளிய வந்த தவளையாட்டம் குந்திக்கினு இருக்குது?"

அன்றோடு அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. தவளை வண்டி. கள்ளக்குறிச்சியிலிருந்து மலை உச்சி வரை எல்லோருக்கும் அதுதான் பெயர். ஆசை இருக்கிறது தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கிறது கழுதை மேய்க்க என்பார்கள். எனக்கு இரண்டும் சேர்ந்தே வாய்த்தது. ஸ்போர்ட்ஸ் காரில் போய் ஆட்டுக்குக் குடற்புழு மருந்து ஊற்றிய ஒரே டாக்டர் அந்தப் பக்கத்தில் நானாகத்தான் இருப்பேன்.

வண்டி அவ்வளவு தாழ்வு. சாலையோரம் மேயும் ஆட்டின் முகமும் என் முகமும் ஒரே மட்டத்தில் இருக்கும். கரும்பு வெட்டுக் காலத்தில் டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் டிரெய்லரின் அச்சும் சக்கரமும்தான் தெரியும், மேலே இருந்து காய்ந்த கரும்புச் சோகை உதிர்ந்து தலையிலும் மடியிலும் விழும். மலைக்குப் போய்ச் சேரும்போது என் தலையைப் பார்த்துவிட்டு ஒரு கன்றுக்குட்டி நாக்கை நீட்டியதும் உண்டு.

பூங்கொடி அக்கா அந்த வண்டியில் ஏறியது ஒரு திங்கட்கிழமை. கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்தில், டீக்கடை ஓரமாக, தோளில் நீலத் தடுப்பூசிப் பெட்டியோடு நின்றிருந்தார். மலைக் கிராமங்களுக்குச் சுகாதார நர்ஸ். பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டது, பெட்டிக்குள் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. கையைக் காட்டி நிறுத்தி, வண்டியை மேலும் கீழும் பார்த்து, "இதுல ஆளுங்க ஏறலாமா, சொம்மா பாக்கறதுக்கா?" என்று கேட்டார். ஏறலாம் என்றேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நல்ல ஆகிருதி. உட்கார்ந்ததும் வண்டி இடப்பக்கம் ஒரு வணக்கம் வைத்தது. அவரே சிரித்துவிட்டார்.

"பேரு பூங்கொடி. வெச்சவங்க என்னப் பாக்காம வெச்சிட்டாங்க டாக்டரம்மா."

மறுநாளும் அதே இடத்தில் நிறுத்தினேன். அதற்கு மறுநாள் நான் போய்ச் சேருவதற்கு முன்பே எனக்கும் சேர்த்து டீ சொல்லி வைத்திருந்தார். இப்படித்தான் இடப்பக்கச் சீட்டு அவருடையது ஆனது.

அந்தச் சீட்டில் அவருக்கு இருந்த காரியம் சாதாரணமானதில்லை. வீட்டுக்காரர் லாரி ஓட்டுநர், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். ஒரே மகள், அப்போதுதான் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். சாயங்கால பஸ்ஸில் இறங்கி வீட்டுக்குப் போனால் குழந்தை சாப்பிடாமலே தூங்கிப்போயிருக்கும். "எழுப்பினா தூக்கத்துலயே வாயத் தொறக்கும், ரெண்டு வாய் ஊட்டுவேன், அதுக்கு யாரு ஊட்டறாங்கன்னே தெரியாது" என்று ஒருநாள் சொன்னார். அதனால்தான் மலைக்குக் கீழே, கீழ்நாட்டுக்கு மாற்றல் கேட்டு வைத்திருந்தார். ஆனால் மலையை விட மனசு வரவில்லை. மலைப் பெண்கள் வேறு யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொல்வார்கள். அவர் வந்திருக்கிறார் என்று கேட்டால் வயிற்றுப் பிள்ளைக்காரிகள் காட்டுப் பாதையில் நடந்து வந்து காத்திருப்பார்கள். என் வண்டியில் வர ஆரம்பித்ததும் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டில் இருந்தார். குழந்தை கண்ணை விழித்துக்கொண்டு சாப்பிட்டது. மாற்றல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

எனக்கும் லாபம்தான். புதிதாக வந்த சின்னப் பெண்ணிடம் யார் ஆட்டைக் காட்டுவார்கள்? "நம்ம டாக்டரம்மாதான், கடிக்க மாட்டாங்க, காட்டுங்க" என்று அக்கா சொன்ன பிறகுதான் மருந்தகத்துக்குக் கூட்டம் வந்தது.

கோமுகி அணைப் பக்கம் போகும் வழியில் ஒரு வேகத்தடை இருந்தது. வேகத்தடை என்றால் சும்மா இல்லை, வரப்பு மாதிரி உயரம். இரண்டு பேரோடு ஏறினால் தவளையின் வயிறு உரசி, கேட்கச் சகிக்காத சத்தம் வரும். அதனால் அங்கே வந்ததும் நான் நிறுத்துவேன், அக்கா இறங்குவார், நான் மட்டும் மெல்லத் தாண்டுவேன், அந்தப் பக்கம் நடந்து வந்து ஏறிக்கொள்வார். பக்கத்துக் கரும்புத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற பெண்கள் தினமும் இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "நர்சம்மா, வண்டி உங்களச் செமக்குதா, நீங்க வண்டியச் செமக்கறீங்களா?" என்று ஒருத்தி கேட்பாள். "ரெண்டும்தான்டி, மாத்தி மாத்தி" என்பார் அக்கா.

பிரச்சினை சீட்டில்தான். வெளிநாட்டுக்காரரும் கூட வந்தவர்களும் எத்தனை வருடம் உட்கார்ந்தார்களோ, இரண்டும் குழி விழுந்து போயிருந்தன. நான் குள்ளம், அடியில் ஒரு தலையணை போட்டால்தான் சாலை தெரியும். இடப்பக்கம் ஸ்பிரிங் ஒன்று மேலே வந்துவிட்டது, அதன்மேல் சாக்கை மடித்துப் போட்டிருந்தோம். மலையிறங்கி வீட்டுக்கு வந்தால் இடுப்பு என்னுடையது மாதிரியே இருக்காது. மஸ்கட்டிலிருந்து அண்ணன் ஒரு பத்திரிகைப் படத்தைக் கிழித்து அனுப்பியிருந்தான், பந்தயக் கார் சீட்டு. இரண்டு பக்கமும் கரை கட்டியது போல உயர்ந்து, ஆளை அப்படியே உள்ளே வாங்கிக்கொள்ளும் சீட்டு. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. நகைக்கடைப் பக்கம் போனால்கூட எனக்கு அப்படி ஆனதில்லை.

கள்ளக்குறிச்சியில் சேலம் ரோட்டில் நசீர் பாயின் குஷன் கடை. லாரி சீட்டு, பஸ் சீட்டு, டிராக்டர் சீட்டு, கல்யாண மண்டப சோபா எல்லாம் அவர் கைதான். விரல் நுனிகளில் எப்போதும் பசை காய்ந்திருக்கும். பேச்சு மட்டும் கல்யாணத் தரகர் பேச்சு.

"பக்கெட்டு சீட்டு இருக்குது டாக்டரம்மா, சாயாது, மடியாது. வளைவுல நீங்க ஒரு நூல் அசைய மாட்டீங்க. சாயற சீட்டும் இருக்குது, சவுகரியம்தான், ஆனா மவுசு கம்மி. உங்க வண்டி இன்னா வண்டி? ஸ்போர்ட்ஸ் வண்டி. அதுக்கு சாயற சீட்டு போட்டா, குதிரைக்கு எருமைச் சேணம் கட்டின மாதிரி."

தினமும் ஏறி இறங்குகிற வண்டியாயிற்றே என்று இழுத்தேன். "தெனம் ஓட்டறவங்களுக்குத்தான் இது ஜாஸ்தி தேவை" என்று அடித்துச் சொன்னார். யோசித்துப் பார்த்தால் எங்கள் அப்பாவின் டிராக்டரில் இருந்ததும் ஒருவகையில் பக்கெட் சீட்டுதான். இரும்பில் குழிவாக அடித்து, மழைத் தண்ணீர் வடிய ஓட்டை போட்டது. அதில் அப்பாவும் உட்காருவார், ஒல்லிப்பிச்சான் டிரைவரும் உட்காருவார், தொப்பைக்கார மேஸ்திரியும் உட்காருவார், யாரும் அளவு பேசியதில்லை. இதைச் சொன்னபோது நசீர் பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. இரும்பையும் குஷனையும் ஒன்றாகப் பேசலாமா?

கோயம்புத்தூரில் ஒரு பந்தய வண்டியிலிருந்து கழற்றிய ஜோடி, அதிகம் உட்காராதது, புதிதாக ரெக்சின் போட்டு பிளாஸ்டிக் உறையோடு வந்து இறங்கியது. கறுப்பில் சிவப்பு. பார்க்க அக்காவையும் அழைத்துக்கொண்டு போனேன். கடைத் தரையில் வைத்து என்னை உட்காரச் சொன்னார் பாய். இடுப்பில் யாரோ இரண்டு கை வைத்துப் பிடித்து உட்கார வைத்த மாதிரி இருந்தது. எனக்கு எழுந்திருக்கவே மனமில்லை. "அக்கா, நீங்களும் குந்திப் பாருங்க" என்றேன். அவர் முந்தானையால் சீட்டின் ஓரத்தைத் துடைத்துவிட்டு, "நீங்க குந்தினா போதாதா? சூப்பரா இருக்குது டாக்டரம்மா. கண்ணு பட்டுடப் போவுது" என்றார்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு பொருள் புதிதாக வந்த அன்று அதில் குறை சொல்ல மாட்டோம். ஜாக்கெட்டின் கை இறுக்கினாலும் "நல்லா இருக்குது" என்போம். மாடு வாங்கி வந்த அன்று என்னிடம் காட்டுவார்கள். நாலு காம்பில் ஒன்று அடைத்திருந்தாலும் அன்றைக்கு நான் "லட்சணமான மாடு" என்றுதான் சொல்வேன், அடைப்பைப் பற்றி மறுநாள் பேசுவேன். அப்படியிருக்க அக்கா அன்று என்ன சொல்லியிருப்பார்? இரண்டு கரைகளுக்கும் நடுவில் இருக்கிற இடத்தை அவர் ஒரே பார்வையில் அளந்துவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

நல்ல நாள் பார்த்துச் சீட்டைப் பொருத்தி, சூடம் காட்டி, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். "கவர மட்டும் எடுத்துடாதீங்க, ஒரு வருஷமாவது இருக்கட்டும்" என்றார் பாய். எடுப்போமா? எங்கள் ஊரில் சோபாவுக்கே கல்யாணம் முடிந்து குழந்தை பிறக்கும் வரை உறை இருக்கும்.

மறுநாள் காலை கச்சிராயபாளையத்தில் அக்கா கதவைத் திறந்தார். ஒரு கணம் நின்றார். பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, திரும்பி, மெல்ல உட்கார்ந்தார். பிளாஸ்டிக் கிரீச்சென்று கத்தியது. "எப்படிக்கா?" என்றேன். "பஸ்ட் கிளாஸு" என்றார், மூச்சைப் பிடித்துக்கொண்டு. கோவிலுக்குப் போகிறவர் மாதிரி வழியெல்லாம் பேசவே இல்லை.

வேகத்தடையில் நிறுத்தினேன். அக்கா இறங்கவில்லை.

"இன்னாக்கா?"

"ஒண்ணுமில்ல, கொஞ்சம் இருங்க."

ஒரு கையால் கதவைப் பிடித்தார், இன்னொரு கையால் என் தோளைப் பிடித்தார். ம்ஹூம். நான் இறங்கிச் சுற்றி வந்து கையைப் பிடித்து இழுத்தேன். அவர் வரவில்லை, நான்தான் உள்ளே போனேன். அதற்குள் கரும்புத் தோட்டத்துப் பெண்கள் ஓடிவந்துவிட்டார்கள். ஒருத்தி கை, ஒருத்தி கால், ஒருத்தி முதுகுப் பக்கம். அதில் வாய்த்துடுக்கானவள் ஒருத்தி சத்தம் போட்டாள்.

"நர்சம்மா, எங்களுக்கெல்லாம் நீங்க பிரசவம் பாப்பீங்க. இன்னிக்கு உங்களுக்கு நாங்க பாக்கறோம். மூச்சப் புடிச்சி முக்குங்க!"

எல்லோரும் சிரித்த சிரிப்பில் அணைத் தண்ணீரே கலங்கியிருக்கும். அக்காவும் சிரித்தார், அவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஒருவழியாக வெளியே வந்து, மீதித் தூரத்தைச் சீட்டு விளிம்பில் ஒருக்களித்து உட்கார்ந்தே கடந்தார்.

அடுத்த நாள் டீக்கடையில் அக்கா இல்லை. "நர்சம்மா மொத பஸ்ஸுக்கே போய்ட்டாங்களே" என்றார் கடைக்காரர். மலையில் பார்த்துக் கேட்டதற்கு, சீக்கிரம் வர வேண்டிய வேலை என்றார். அதற்கு அடுத்த நாளும் வேலை. சாயங்காலம் வண்டியோடு காத்திருந்தால், "நீங்க போங்க டாக்டரம்மா, எனக்கு இன்னும் ரெண்டு வூடு பாக்கணும்" என்று ஆள் அனுப்பினார். ஒரு வாரம் போனது. எனக்கு இருமலுக்கு மருந்து வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனபோது, அவர் திரும்பவும் மாற்றல் கேட்டிருக்கிறார் என்று பேச்சு காதில் விழுந்தது.

நேராக அவர் இருந்த ஊருக்குப் போனேன். ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து கைக்குழந்தையை எடை பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தையை அதன் தாயிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

"என்னக்கா, என் வண்டி புடிக்கலையா?"

"வண்டி இன்னா பண்ணும் டாக்டரம்மா?" என்றார். எடைத் தராசை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "அன்னிக்கு நானும்தான் சிரிச்சேன். வூட்டுக்குப் போனதும் சிரிப்பு வரல. தெனம் அந்த எடத்துல அவங்க நிப்பாங்க இல்ல?"

தன் உடம்பை வைத்து அவரே அத்தனை கேலி பேசுவார், அதனால் அவருக்கு அது வலிக்காது என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். அன்று மலையிறங்கும்போது புதுச் சீட்டு என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது, பக்கத்துச் சீட்டு பளபளவென்று காலியாக வந்தது. அவர் கீழ்நாட்டுக்குப் போய்விட்டால் மலையில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே நேராக நசீர் பாய் கடைக்குப் போனேன்.

இடப்பக்கச் சீட்டை மட்டும் மாற்றித் தர அவர் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. "ஜோடியப் பிரிக்கக்கூடாதும்மா. வித்தவனுக்கும் ஆகாது, வாங்கினவங்களுக்கும் ஆகாது." ஏதோ நான் விவாகரத்து கேட்டு வந்தவள் மாதிரி பேசினார். விஷயத்தைச் சொன்னதும் தாடியைச் சொறிந்துகொண்டு, "அவங்க அளவு வேணுமே" என்றார். அளவுக்கு எங்கே போவது? என் பையில் மாட்டின் நெஞ்சுச் சுற்றளவு எடுத்து எடை கணக்கிடும் டேப் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அக்காவின் முன்னால் போய் நிற்க எனக்குத் தைரியம் கிடையாது, உங்களுக்கு இருக்குமா?

அப்போது கொல்லைப்புறத்தில் பூனை கத்தியது. எட்டிப் பார்த்தால், எங்கள் பழைய இடப்பக்கச் சீட்டு சுவரோரம் கிடந்தது, அதன் குழிக்குள் ஒரு பூனை குட்டிகளோடு படுத்திருந்தது. எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஏற்கெனவே இருந்த குழியை அக்கா தினம் தினம் உட்கார்ந்து தன் அளவுக்கு அகலப்படுத்தியிருந்தார். அதைவிட நல்ல அளவு எது? பூனை சீறச் சீற, நசீர் பாய் தூரமாக நின்று குச்சியை நீட்டி அளந்தார். இரண்டு இடத்தில் கீறலும் வாங்கினார்.

பிறகு அவர் வேறு மனிதராகிவிட்டார். மவுசு கம்மி என்று அவரே ஒதுக்கிய சாயும் சீட்டு ஒன்றை எடுத்தார். முதுகுக்கு மட்டும் இரண்டு பக்கமும் லேசான அணைப்பு. தொடைப் பக்கம் கதவோரக் கரையை அறுத்துத் தட்டையாக்கினார், சேலையோடு காலைத் திருப்பி வெளியே வைக்க வேண்டுமே. அடியில் கெட்டி ஸ்பாஞ்சு வைத்து உயரத்தைக் கூட்டினார். இடுப்பு முட்டிக்குக் கீழே போனால்தான் எழுந்திருப்பது கஷ்டம், கொஞ்சம் மேலே இருந்தால் தானாக எழலாம் என்று என்னையே பத்துத் தடவை உட்கார வைத்து எழுப்பினார். நிறம்தான் கிடைக்கவில்லை. என் பக்கம் கறுப்பு சிவப்பு, அந்தப் பக்கம் காப்பிக்கொட்டை நிறம். அதற்கும் ஒரு பிளாஸ்டிக் உறை போட்டுத்தான் கொடுத்தார்.

மறுநாள் முதல் பஸ் வருவதற்கு முன்பே கச்சிராயபாளையம் போய்விட்டேன். அக்கா பெட்டியோடு நின்றிருந்தார். இடப்பக்கக் கதவைத் திறந்து விட்டேன். உள்ளே பார்த்தார். முகம் மாறியது.

"எனக்காக மாத்தினீங்களா?"

நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த பொய்யைச் சொன்னேன். "இல்லக்கா, ஆடு, கன்னுக்குட்டி ஏத்தறதுக்கு அகலமா இருந்தா சவுகரியம்னுதான்."

அவர் என்னைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். உதட்டோரம் துடித்தது.

"சரி. ஆடு இல்லாத நேரத்துல நான் குந்திக்கலாமா?"

உட்கார்ந்தார். எப்படி என்று இந்தத் தடவை நான் கேட்கவில்லை. வேகத்தடை நெருங்க நெருங்க வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனேன். அந்தப் பெண்கள் வழக்கமான இடத்தில் கையில் அரிவாளோடு நின்றிருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அக்கா கதவைத் திறந்தார். சேலையை ஒதுக்கிக் காலை வெளியே வைத்தார். ஒரே எழுச்சியில் நிமிர்ந்து நின்று, கையைத் தூக்கிச் சொன்னார்:

"பாத்துக்குங்கடி. சுகப்பிரசவம்!"

அவர்கள் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டன. வாய்த்துடுக்கானவள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். அக்கா நடந்து வேகத்தடையைத் தாண்டி, ராணி மாதிரி ஏறி உட்கார்ந்தார்.

ராணியின் பெருமை முதல் கொண்டை ஊசி வளைவு வரைதான் இருந்தது. தொடைப் பக்கக் கரையை அறுத்துவிட்டோம், மேலே பிளாஸ்டிக் உறை வேறு. வலது வளைவில் கதவுக்குப் போனார், இடது வளைவில் பெட்டியோடு என் மேலே வந்தார். "உறையக் கிழிச்சிடலாம்கா" என்றேன். "புதுசு டாக்டரம்மா, அதுக்குள்ளயா?" என்றார். அடுத்த வளைவில் என் காதோடு காது மோதியது. வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். இறங்கி, தலையில் இருந்த ஊசியால் ஒரு குத்துக் குத்தி, உறையை ஒரே இழுப்பில் உரித்துப் போட்டார். "வளைவுல புடிக்கணும்னுதான சீட்டு வாங்கினது? அது மேல கண்ணாடி மாதிரி இத்த வெச்சிக்கினு, நல்ல புத்தி நமக்கு" என்று சொல்லிக்கொண்டே என் பக்கத்து உறையையும் உரித்தார். அந்த வாசனை ஒரு மாதம் வண்டிக்குள் இருந்தது.

மாற்றல் ஆணை வந்தபோது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த இரண்டு நிறச் சீட்டுகளில் நாங்கள் எத்தனை மழை, எத்தனை வெயில் பார்த்தோம்! துணிக்கூரையில் ஓட்டை விழுந்து, அக்கா குடை பிடிக்க நான் ஓட்டிய நாட்கள் உண்டு. ஆட்டுக்குட்டியும் ஏறத்தான் செய்தது, அவர் மடியில். அவர் மகள் எங்கள் இருவருக்கும் நடுவில் கைப்பிரேக்கின்மேல் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்வாள்.

கடைசியில் மலையை விட்டு முதலில் இறங்கியது நான்தான். பதவி உயர்வு கொடுத்துக் கீழே போட்டுவிட்டார்கள். "நீங்க போங்க, வண்டிய விட்டுட்டுப் போங்க" என்று சிரித்தார் அக்கா. பிறகு திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். வண்டி அடியில் துருப்பிடித்து, பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் வந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். சாலையை அகலப்படுத்தியபோது அந்த வேகத்தடையையும் எடுத்துவிட்டார்கள். தோட்டத்து வேலைக்கு இப்போது வேனில் கூட்டிக்கொண்டு போகிறார்கள், யாரும் வழியில் நிற்பதில்லை. நசீர் பாய் கடை இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை. அக்கா ஓய்வு பெற்று, ஓசூரில் மகள் வீட்டில் நன்றாக இருக்கிறார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பேசுகிறோம். பேச ஆரம்பித்தால் குக்கர் மூன்று விசில் அடித்த பிறகும் வைக்க மாட்டார்.

அண்ணன் மகனுக்கு இன்னும் பதில் போடவில்லை, பக்கத்துச் சீட்டில் யார் உட்காருவார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். இப்போது என்னிடம் இருப்பது பெரிய கார். ஐந்து பேர் உட்காரலாம், எந்த வேகத்தடையிலும் உரசாது. காலையில் மருந்துப் பையைப் பக்கத்துச் சீட்டில் வைத்துக்கொண்டு கிளம்புகிறேன். பை கொஞ்சம் கனம். அந்தச் சீட்டில் யாரோ உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, பெல்ட் போடச் சொல்லி வண்டி பீப் பீப் என்று கத்துகிறது. பையைத் தூக்கிப் பின்னால் போட்டால் நின்றுவிடும். ஊர் எல்லை தாண்டும் வரை கத்தட்டும் என்று விட்டுவிடுகிறேன்.